மேஸ்திரி கட்டிய மிதி கார்

லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கும் ஒருவருக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இருக்கலாம்? ஓரளவு இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நாமும் நினைப்போம். இந்த மேஸ்திரிக்கு இருந்தது ஓரளவு இல்லை. தன் கையால் ஆனதைத் தவிர உலகத்தில் ஒழுங்காகச் செய்த பொருள் எதுவுமே கிடையாது என்பது அவருடைய முடிவான தீர்ப்பு. கடையில் நாற்காலியைப் பார்த்தால் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். பஸ்ஸில் ஏறினால் கைப்பிடிக் கம்பியைத் தட்டுவார். உறவுக்காரர்கள் புது வீடு கட்டி ஆசையாகக் கூப்பிட்டால் வாசல் கதவைத் தட்டுவார். திறக்கச் சொல்லி அல்ல. தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கி, "தகரம்" என்பார். மரக்கதவாக இருந்தாலும் அதே சொல்தான்.

அவருடைய மனைவி ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். தெருவில் எல்லோருக்கும் அவள் மருந்துக்கடை அக்கா. மாத்திரையின் நிறம் போன தடவை மாதிரி இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பொறுமையாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வருவாள். வீட்டில் மேஸ்திரி இருப்பார். கல்யாணமான புதிதில் அவரைக் கண்டால் அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு சில வருஷம் கோபமாக இருந்தது. இப்போது அவ்வளவு பெரிய உணர்ச்சிகளுக்கெல்லாம் அவர் தகுதியானவராகத் தெரியவில்லை. மனசுக்குள் இளக்காரம் மட்டும் மிச்சமிருந்தது. அதையும் அவள் முகத்தில் காட்டிக்கொள்வதில்லை. காட்டினால் மனிதர் சாப்பிட மாட்டார். சாப்பிடவில்லை என்பதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிவார்.

வீடு முழுக்க அவர் கைவண்ணம்தான். கல்யாணத்துக்கென்று லாரிச் சட்டத்துக்குப் போடுகிற சேனல் இரும்பில் ஒரு கட்டில் செய்தார். பத்துப் பேர் ஏறிக் குதித்தாலும் ஆடாது என்று விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எங்கள் கட்டிலில் எதற்கு பத்துப் பேர் ஏறிக் குதிக்க வேண்டும் என்று புதுப்பெண் கேட்கவில்லை. கதவு நிலையைப் பெயர்த்துத்தான் அதை உள்ளே கொண்டுபோக முடிந்தது. போட்ட இடத்தில் போட்டதுதான். அடியில் பெருக்குவதற்குத் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். பிறகு பாத்திரம் அடுக்க ஒரு ஸ்டாண்டு செய்து சமையலறைச் சுவரில் மாட்டினார். ஸ்டாண்டு இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறது. சுவர்தான் பெயர்ந்து விழுந்தது. இடிபாட்டைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "செங்கல்லு சரியில்ல" என்றார் மேஸ்திரி.

இவர்களுக்கு ஒரே மகள். பாப்பா என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுக்கு முன்னால் இருக்கிற சந்து ஒரு பக்கம் சுவரில் முட்டி நின்றுவிடும், வண்டி வாகனம் வராது. அதனால் சாயங்காலமானால் சந்து பிள்ளைகளின் ராஜ்யம். மூன்று சக்கர சைக்கிள், குட்டி சைக்கிள், காலால் உந்துகிற ஸ்கூட்டர் என்று ஆளுக்கு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பாப்பாவிடம் மட்டும் எதுவும் இல்லை. கடையில் விற்கிற எதுவும் மேஸ்திரியின் தட்டலில் தேறவில்லை. அதனால் பிள்ளைகள் சேர்ந்து அவளைப் போலீஸ் ஆக்கினார்கள். சந்தின் நடுவில் நின்று கையைத் தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும், கையை இறக்கினால் போக வேண்டும். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தினமும் அதே வேலை என்றால் நிஜப் போலீசுக்கே அலுத்துவிடும். நாளாக ஆக, அவள் கையைத் தூக்கினாலும் யாரும் நிற்கவில்லை.

பாப்பாவின் பிறந்தநாளுக்கு மருந்துக்கடை அக்காவின் தம்பி ஒரு மிதி கார் வாங்கிக்கொண்டு வந்தான். செல்போன் கடையில் வேலை பார்க்கிற பையன், அக்கா மகள் என்றால் உயிர். சிவப்பு பிளாஸ்டிக் கார். உள்ளே உட்கார்ந்து இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்தால் ஓடும். பாப்பா கூடத்திலேயே இரண்டு சுற்று ஓட்டிவிட்டாள். சந்துக்குக் கொண்டுபோகலாம் என்று கதவைத் திறந்தபோது மேஸ்திரி வேலை முடிந்து வந்து நின்றார். காரைப் பார்த்தார். குனிந்து தட்டினார்.

"தகரம்கூட இல்லையே மச்சான்! வெறும் பிளாஸ்டிக்கு."

"சின்ன பிள்ளைக்குத்தானே மாமா. லேசா இருந்தாத்தான் மிதிக்க முடியும்."

"லேசுன்னா? வண்டின்னா ஒரு பலம் வேணாமா? ஒரு ஆளு ஏறி நின்னா தாங்குமா இது?"

"யாரு மாமா ஏறி நிக்கப் போறாங்க?"

மேஸ்திரி ஏறி நின்றார். பாப்பாவைக் கையைப் பிடித்து வெளியே இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றாமல், நிதானமாக ஏறி நின்றார். படாரென்று ஒரு சத்தம். காரின் அடிப்பாகம் இரண்டாகப் பிளந்து, சக்கரங்கள் நான்கும் நான்கு பக்கம் சாய்ந்துகொண்டன. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா? நான் சொன்னேன்ல? பாத்தியா?" என்று மச்சானிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். தம்பிக்கு முகம் செத்துவிட்டது. பாப்பா அழவில்லை. அப்பாவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் பொம்மை மேல் ஏறி நின்று ஜெயித்துவிட்ட இந்த மனிதனோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று நினைத்தபோது மருந்துக்கடை அக்காவுக்கு அருவருப்பாகவே இருந்தது.

"அழாத கண்ணு, அப்பா உனக்கு வண்டி செஞ்சு தரேன்" என்றார் மேஸ்திரி, அழாத பிள்ளையிடம். "யானை ஏறி நின்னாலும் அசையாது."

"வேற ஒண்ணு மாத்திட்டு வரேன் மாமா" என்றான் தம்பி.

"அந்தக் குப்பையெல்லாம் இனிமே என் வாசப்படி ஏறக்கூடாது. சொல்லிட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஆகவே பாப்பாவுக்கு இனி ஒரு வண்டி என்று வந்தால் அது மேஸ்திரியின் கையிலிருந்துதான் வர வேண்டும். அது ஓடினால் அவள் சந்தில் மற்ற பிள்ளைகளோடு ஓடலாம். ஓடாவிட்டால் யாரும் மதிக்காத போலீஸாகவே நிற்க வேண்டியதுதான்.

மேஸ்திரி வேலையை ஆரம்பித்தார். பட்டறையில் மற்றவர்கள் கிளம்பிய பிறகும், விடுமுறை நாட்களிலும் அங்கேயே கிடந்தார். வீட்டில் பேச்சும் அதுவேதான். அடிச்சட்டத்துக்கு ஆங்கிள் இரும்பு போதாது, அதைவிடக் கெட்டியான சதுரக் குழாய்தான் போடுகிறேன் என்பார். தரைக்கு மேடு வைத்த கெட்டித் தகடு, பலகைக்குப் பதில் சுற்றிலும் இரும்பு அடைப்பு, பின்னால் திறந்து மூடக் கதவு, கதவுக்குச் சங்கிலி, முன்னால் பம்பர். சைக்கிள் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து ஒதுக்கிவிட்டு, சரக்குத் தள்ளுகிற டிராலியின் கெட்டி ரப்பர் சக்கரங்களைத் தேடிப் பிடித்தார். கேட்டுக் கேட்டு மருந்துக்கடை அக்காவுக்குக் காது புளித்துவிட்டது. பாப்பா மட்டும் ஒவ்வொரு நாளும் வாசலுக்கு ஓடிப் போய், "முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகவாவது அது நல்லபடி முடியட்டும் என்று அக்கா நினைத்துக்கொள்வாள்.

ஒரு விடுமுறை நாளில் அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் பட்டறைக்குப் போனாள். தலையும் உடம்பும் இல்லாமல் நின்றிருந்த லாரிகளுக்கு நடுவே, அவற்றின் குட்டியைப் போல அது நின்றது. உள்ளபடி சொல்லப்போனால் அழகாகத்தான் இருந்தது. வெல்டிங் பிசிறு எல்லாம் தேய்த்து மழுங்கவைத்து, மூலை ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அவள் பம்பரைப் பிடித்து லேசாகத் தள்ளினாள். நகரவில்லை.

"பாப்பாவ ஒரு தடவ கூட்டிட்டு வரட்டுமாங்க? உக்கார வச்சு, கால் எட்டுதா, மிதிக்க வருதான்னு பாத்துக்கலாம்."

மேஸ்திரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாங்க லாரி கட்டும்போது டிரைவரையா கூட்டிட்டு வந்து உக்கார வச்சுப் பாக்குறோம்? லோடு எவ்வளவு, தாங்குமா, அவ்வளவுதான் கணக்கு. ஓட்டுறது அவன் பாடு."

"லாரிக்கு எஞ்சின் இருக்குங்க."

"இந்த மாதிரி எடக்கா பேசுறத விட்டுட்டு சாப்பாட்ட வை."

பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டான். பற்றவைக்க அந்த நேரத்தில் அவன் கையில் எதுவும் இல்லை. மேஸ்திரியிடம் வேலை பார்க்கிறவர்கள் சிரிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் சிரிக்க வேண்டும்.

வண்டி பட்டறையின் குட்டி லாரியில் வந்து இறங்கியது. இறக்குவதற்கு பட்டறை ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நீல பெயின்டு, மஞ்சள் கோடு, பளபளவென்று பம்பர். சந்துப் பிள்ளைகள் மொத்தமும் கூடிவிட்டன. பெரியவர்களும் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பின்கதவைத் திறந்து ஏறி, சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சந்து முழுவதையும் ஒருமுறை பார்த்தாள்.

"மிதி" என்றார் மேஸ்திரி.

மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"அழுத்தி மிதி."

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். சீட்டிலிருந்து அவள்தான் எழும்பினாள், மிதி இறங்கவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு தெரிந்தது. வண்டி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா நின்றது. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பின்னாலிருந்து ஒரு பையன், "தள்ளட்டுமா அங்கிள்?" என்று உதவியாகத்தான் கேட்டான்.

"தொடாத! தள்றதுக்கு இது என்ன ரிப்பேர் வண்டியா? வண்டின்னா மிதிச்சுதான் ஓட்டணும்." மேஸ்திரி குனிந்து மகளின் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார். "காலுல சத்தே இல்ல. பாலு குடிக்கிறதில்ல, ஒண்ணும் இல்ல. உங்கம்மா குடுக்குற செல்லம்."

பிள்ளையின் கால் பூஞ்சை என்று தெரு பார்க்கத் தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். மருந்துக்கடை அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றே கேட்டாள். "எடை ஜாஸ்திங்க. கொஞ்சம் இரும்பக் கழட்டுங்க" என்று நயமாகத்தான் கேட்டாள். எடைதான் வண்டிக்கு அழகு என்று மேஸ்திரி ஆரம்பித்தார். லோடு இல்லாத லாரி ரோட்டில் எப்படி ஆடும் என்பதை விளக்கினார். கடைசியில், தினமும் சாயங்காலம் பாப்பா மிதித்துப் பழக வேண்டும், பழகி முடித்த பிறகுதான் விளையாட்டு என்று உத்தரவு போட்டார்.

அதன் பிறகு சாயங்காலங்கள் அப்படித்தான் போயின. மற்றப் பிள்ளைகள் சந்தில் பறந்துகொண்டிருக்கும்போது பாப்பா நகராத வண்டிக்குள் உட்கார்ந்து மிதிப்பாள். முன்பாவது போலீஸ் வேலை இருந்தது, இப்போது அதுவும் போயிற்று. படுக்கப் போகும்போது கால் வலிக்கிறது என்பாள். அக்கா கடையிலிருந்து வாங்கி வந்த தைலத்தைத் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போதெல்லாம் புருஷனை மனசுக்குள் கண்டபடி திட்டுவாள். ஆனால் வெளியே ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொன்னால் வீடு ரணகளமாகும், அந்த ரணகளத்தையும் பாப்பாதான் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் மேஸ்திரி வேலையிலிருந்து வந்ததும், "என்ன, இன்னிக்கு நகந்துச்சா?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"நகந்துச்சுப்பா. குழாயடி வரைக்கும் போனேன்" என்றாள் பாப்பா.

அக்கா திரும்பிப் பார்த்தாள். வண்டி காலையில் நின்ற இடத்தில்தான் நின்றது. ஆனால் மேஸ்திரிக்கு அதைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. முகம் மலர்ந்து, மகளைத் தூக்கிச் சுற்றினார். "நான் சொன்னேன்ல? பழகினா வரும்!" அன்றைக்கு வீட்டில் யாரையும் அவர் குறை சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. பாப்பா அதைக் கவனித்துக்கொண்டாள். அடுத்து வந்த நாட்களில் வண்டி மின்கம்பம் வரை போயிற்று, கடைசி வீடு வரை போயிற்று, சுவர் வரை போய்த் திரும்பியும் வந்தது. எல்லாம் வாயால்தான். மேஸ்திரி பட்டறையில் பீற்றிக்கொண்டார், டீக்கடையில் பீற்றிக்கொண்டார். மனிதர் ஒரு சுற்றுப் பெருத்தே விட்டார்.

தனியாக இருக்கும்போது அக்கா மகளைக் கேட்டாள். "ஏன் பாப்பா அப்பாகிட்ட பொய் சொல்ற?"

"சொல்லலன்னா மூஞ்சிய அப்படி வச்சுக்கிறாரும்மா. பாவமா இருக்கு."

அத்தனை பெரிய மீசையும் உடம்பும் உள்ள ஒரு மனிதரைப் பால்பல் விழாத பிள்ளை தாலாட்டித் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு அதில் வெட்கம் வராதது கிடக்கட்டும், சந்தேகம்கூட வரவில்லை என்றால் என்ன செய்வது?

பெருமை உள்ளுக்குள் அடங்கவில்லை. மேஸ்திரி மச்சானுக்கு போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை வா. உன் பிளாஸ்டிக்கு எங்க, என் வண்டி எங்கன்னு கண்ணால பாத்துட்டுப் போ" என்றார். அவர் போனை வைத்ததும் அக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தமே இல்லை. மாமா முன்னால் வண்டி நகராது, பொய்யும் வெளியே வந்துவிடும், காலில் சத்தில்லாத பிள்ளைக்கு இனி பொய்க்காரி என்ற பட்டமும் சேரும். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று அக்கா தேற்றினாள். பாப்பா தலையை ஆட்டிவிட்டு, "வேணாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி வந்தான். மேஸ்திரி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பாப்பா ஏறி உட்கார்ந்தாள். சொல்லிவைத்த மாதிரி சந்துப் பிள்ளைகள் வந்து வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் நின்றுகொண்டன. "நாங்க செக்யூரிட்டி அங்கிள். தலைவர் வண்டி போகும்போது கூடவே வரணும்ல" என்றான் முன்பு தள்ளட்டுமா என்று கேட்ட அதே பையன். மேஸ்திரிக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. "சரி சரி, ஓரமா வாங்க" என்றார்.

வண்டி நகர்ந்தது. உண்மையாகவே நகர்ந்தது. முதலில் மெதுவாக, பிறகு கடகடவென்று ஓடத் தொடங்கியது. மேஸ்திரி முன் சக்கரத்தோடு கூடவே குனிந்து நடந்தார். காதை பேரிங் பக்கம் சாய்த்து, "சத்தம் ஏதாவது கேக்குதா பாரு மச்சான், கேக்காது!" என்றார். அவர் கண் சக்கரத்திலும் அச்சிலும் பம்பரிலும் இருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளையை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

அக்கா பார்த்தாள். பின்கதவில் வரிசையாகக் கைகள். மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டிருந்தன பிள்ளைகள். மிதிகள் தாமாகவே முன்னும் பின்னும் போய்வந்தன. அவை இடித்துவிடாதபடி பாப்பா இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தம்பியும் பார்த்துவிட்டான். அக்காவைத் திரும்பிப் பார்த்து, என்ன செய்வது என்று கண்ணால் கேட்டான். அக்காவின் கண் மகளின் முகத்தை விட்டு நகரவில்லை. அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. விளையாடுகிற பிள்ளையின் சிரிப்பு இல்லை. விருந்தாளிகள் முன்னால் மேஸ்திரி தன் பெருமையை அளக்கும்போது, பக்கத்தில் நின்று அக்கா சிரிக்கிற சிரிப்பு. அச்சு அசல் அதே. இத்தனை நாள் அவரைத்தான் அவள் இளக்காரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் இல்லை. அவருக்கு அந்தச் சிரிப்பு வராது.

"பசங்களா, கைய எடுங்க" என்றாள்.

பிள்ளைகள் விழித்தன.

"எல்லாரும் கைய எடுங்க. தள்ளி நில்லுங்க."

கைகள் விலகின. வண்டி இன்னும் ஓர் அடி உருண்டுவிட்டு நின்றது. குனிந்தபடியே இரண்டு எட்டு முன்னால் போய்விட்ட மேஸ்திரி, நிமிர்ந்து திரும்பிப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. இவ்வளவு நாளும் அது இப்படித்தான் நின்னுச்சு. ஒரு நாளும் நகரல. உங்க மூஞ்சிக்காக புள்ள பொய் சொல்லிட்டு இருந்தா."

மேஸ்திரி மகளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு மண்டி போட்டு, வண்டிக்குள் கையை விட்டு, மிதியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அசையவில்லை. இன்னொரு கையையும் வைத்து, தோளைக் கொடுத்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி ஒரு முனகலோடு விரற்கடை அளவு நகர்ந்தது. கையை எடுத்தபோது உள்ளங்கையில் மிதியின் தடம் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அக்கா நினைத்தாள். ஒரே ஒரு வார்த்தை, பிள்ளையிடம் சொல்ல வேண்டிய வார்த்தை, இப்போதாவது வந்துவிடும் என்று மடத்தனமாக ஒரு கணம் நம்பினாள்.

"கிரீஸு இறுகிடுச்சு மச்சான்" என்றார் மேஸ்திரி. "மட்டமான கிரீஸு. இப்பல்லாம் எவன் ஒழுங்கா தயார் பண்றான்?"

வண்டிக்குள் மடக்கிய காலோடு உட்கார்ந்திருந்த பாப்பா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் இறங்கிக்கட்டுமாம்மா?"